மேலே ஐரிஷ்காரர், கீழே இத்தாலியர்: நியூயார்க்கில் ஐந்து நாள்

முதல் நாள்: மல்பெரி தெரு

ஒரே கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்த ஐரிஷ், இத்தாலியக் குடியேறிகளுக்குள் நியூயார்க்கில் மூண்ட பகையின் தடங்களைத் தேடிப் போகும் சுற்று இது. சப்வேயில் கெனால் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்து, மல்பெரி தெருவில் தெற்கே திரும்பினால் பத்து நிமிடத்துக்குள் கொலம்பஸ் பூங்கா. சீனத் தாத்தாக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சதுரங்கமும் சீட்டும் ஆடுகிறார்கள். பூங்காவின் தென்மேற்கு மூலை, அதாவது பாக்ஸ்டர் தெருவும் வொர்த் தெருவும் சந்திக்கும் இடம்தான் ஒருகாலத்தில் 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' என்ற பேர்போன சேரி. பார்க்க எதுவும் மிச்சமில்லை. முதலில் இங்கே வந்து நிற்பது நிலத்தின் சரிவைக் காலால் உணரத்தான். இந்தப் பக்கம் முழுக்க ஒரு குளம் இருந்தது. 1810-களில் அதைத் தூர்த்து வீடு கட்டினார்கள். சரியாகத் தூர்க்காததால் மண் இறங்கியது, சுவர் சாய்ந்தது, மழைக்குக் கீழ்த்தளங்களில் தண்ணீர் நின்றது. வசதியுள்ளவர்கள் காலி செய்தார்கள், வாடகை சரிந்தது. 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள் அங்கே குடியேறினார்கள். 1860-ல் நியூயார்க்கில் நாலில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர்.

இத்தாலியர்கள் பெருங்கூட்டமாக வந்தது 1880-க்குப் பிறகு. அந்த முப்பத்தைந்து வருட இடைவெளிதான் இந்தப் பயணத்துக்கே அடிப்படை. முன்னால் வந்தவர் அதற்குள் போலீஸ்காரர், மேஸ்திரி, வட்டச் செயலாளர், பங்குச் சாமியார் என்று ஆகிவிட்டார். பின்னால் வந்தவர் எந்த வாசலைத் தட்டினாலும் கதவைத் திறந்தது ஓர் ஐரிஷ் முகம்.

பூங்காவிலிருந்து மாஸ்கோ தெரு என்ற குட்டை ஏற்றத்தில் ஏறினால் மாட் தெரு முனையில் ட்ரான்ஸ்ஃபிகரேஷன் தேவாலயம். முகவரி 29 மாட் தெரு. இன்றைய நாளின் முக்கால்வாசியை இங்கேயே செலவிடலாம். 1801-ல் லூத்தரன் சபையார் கட்டிய கல் கட்டடம் இது. 1853-ல் கத்தோலிக்கர்கள் வாங்கினார்கள், ஐரிஷ் பங்காக நடந்தது. 1880-களில் சுற்றுத் தெருக்களில் இத்தாலியர்கள் நிறைந்தபோது அவர்களுக்குப் பூசை உண்டு, ஆனால் கீழ்த்தளத்தில். அதே நேரம், அதே கோயில், அதே பூசை. மேலே ஐரிஷ்காரர், கீழே இத்தாலியர்.

அழுக்காக வருகிறார்கள் என்று வெளிப்படையாகவே காரணம் சொன்னார்கள். உள்ளே இருந்த காரணம் காசு. ஐரிஷ்காரர்கள் சொந்த ஊரில் ஆங்கிலேய ஆட்சியின்கீழ் ஒடுங்கிக் கிடந்த தங்கள் திருச்சபையைக் கைக்காசு போட்டுக் காப்பாற்றியவர்கள். காணிக்கை போடுவதும் இருக்கைக்குக் கட்டணம் தருவதும் அவர்களுக்கு விசுவாசத்தின் அளவுகோல். தென் இத்தாலியில் கோயில் என்பது நிலபுலன் உள்ள பழைய நிறுவனம். ஏழை அதற்குப் படியளந்து பழக்கமில்லை. அவன் காசு போவது தன் ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கும் வாண வேடிக்கைக்கும். ஐரிஷ் சாமியார் கண்ணுக்கு இது பாதி அஞ்ஞானம். 1884-ல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் இதை விவாதித்தார்கள். 'இத்தாலியப் பிரச்சினை' என்று பெயரே விழுந்துவிட்டது.

1902-ல் பங்கு சலேசிய சபைக்குக் கைமாறியது. நம்மூரில் தொன் போஸ்கோ பள்ளிகள் நடத்தும் அதே சபை. அதன்பிறகு கோயில் இத்தாலியர் கோயில். வெளிச்சுவரில் முதல் உலகப் போரில் இறந்த பங்கு மக்களின் பெயர்ப் பலகை இருக்கிறது, தவறவிடாதீர்கள். பெயர்களை மேலிருந்து கீழே வாசியுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே இத்தாலியப் பெயர்கள். இன்று உள்ளே பூசை நடப்பது பெரும்பாலும் சீன மக்களுக்கு. பூசை நேரத்தை ஒட்டிப் போனால்தான் கதவு திறந்திருக்கும். பூசையின்போது படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து சாத்தம் சதுக்கத்தைத் தாண்டி ஆலிவர் தெரு 25-ம் எண் வீடு. தனியார் வீடு, வெளியிலிருந்து பார்த்தால் போதும். நான்கு முறை நியூயார்க் ஆளுநராக இருந்த ஆல் ஸ்மித் வாழ்ந்த வீடு இது. 1928-ல் அதிபர் தேர்தலுக்கு நின்றவர், ஐரிஷ் அமெரிக்காவின் பெருமை என்று கொண்டாடப்பட்டவர். அவருடைய தந்தைவழித் தாத்தா ஒரு இத்தாலியர், குடும்பப் பெயர் ஃபெர்ராரோ. அதற்குக் கொல்லர் என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்மித் ஆகிவிட்டது.

இரண்டாம் நாள்: ஒரு சுவர், ஒரு சதுக்கம், ஒரு சிலை

6-ம் எண் சப்வேயில் ஸ்பிரிங் ஸ்ட்ரீட் நிலையம். படியேறியதும் கண்ணில் படும் முக்கோணத் துண்டு நிலம் பெட்ரொசினோ சதுக்கம். ஒரு பக்கம் லஃபாயெட் தெரு, இன்னொரு பக்கம் கென்மேர் தெரு. கென்மேர் என்பது அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து ஊர். இந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த டம்மனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர் 'பிக் டிம்' சல்லிவன், 1911-ல் தன் தாயாரின் ஊர்ப் பெயரைத் தெருவுக்கு வைத்தார். சதுக்கத்துக்கும் முதலில் கென்மேர் என்றுதான் பெயர், 1987-ல்தான் மாற்றினார்கள்.

ஜோ பெட்ரொசினோ 1883-ல் போலீஸில் சேர்ந்தபோது உயரம் 5 அடி 3 அங்குலம். விதிப்படி 5 அடி 7 வேண்டும். இத்தாலிய மொழி தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் விதி தளர்ந்தது. அப்போது படை முழுக்க ஐரிஷ்மயம். இத்தாலியத் தெருவில் கொலை நடந்தால் சாட்சியிடம் பேசக்கூட ஆள் கிடையாது. பேச ஆளில்லாத இடத்தில் புகார் வராது. புகார் வராததால் 'இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், எல்லாரும் கூட்டுக் களவாணிகள்' என்ற பேச்சு. அந்த வட்டத்தை உடைக்கத்தான் பெட்ரொசினோ தலைமையில் இத்தாலியத் தனிப்படை அமைந்தது. 1909 மார்ச் 12 அன்று விசாரணைக்காகப் போன இடத்தில், பலேர்மோவில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நியூயார்க்கில் இறுதி ஊர்வலத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல் கூட்டம். அடக்கப் பூசை நடந்தது ஐந்து நிமிட நடை தூரத்தில் உள்ள பழைய செயிண்ட் பேட்ரிக் பேராலயத்தில்.

அடுத்து அங்கேதான் போகிறோம். 1815-ல் திறந்த கோயில். மல்பெரி, பிரின்ஸ், மாட் தெருக்களுக்கு நடுவே செங்கல் மதில் சூழ்ந்து கிடக்கிறது. கோயிலைவிட அந்த மதிலைக் கவனியுங்கள். 1830-களில் கத்தோலிக்க எதிர்ப்புக் கும்பல்கள் தீ வைக்க வருமென்ற பயத்தில் எழுப்பியது. 1844-ல் ஆயர் ஜான் ஹியூஸ் ஐரிஷ் ஆட்களை ஆயுதத்தோடு காவலுக்கு நிறுத்தினார். இந்தச் சுவர் தெரிந்தால்தான் கீழ்த்தளப் பூசையின் மறுபக்கம் புரியும். உயிரைக் கொடுத்துக் காத்த கோயில், பைசா பைசாவாகச் சேர்த்த கோயில். 'நேற்று வந்தவனுக்கு ஏன் முன்வரிசை' என்ற கேள்வி அவர்களுக்கு நியாயமாகவே பட்டிருக்கும். கல்லறை நிலவறைகளைப் பார்க்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டணச் சுற்று உண்டு, முன்பதிவு அவசியம். வெறுமனே கோயிலைப் பார்க்கக் காசில்லை.

மதியம் மேற்கே நடந்து வாஷிங்டன் சதுக்கம். சதுக்கத்தின் கிழக்குப் பகுதியில், வாளை உருவும் நிலையில், இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட தளபதி கரிபால்டியின் சிலை. இங்கே வாழ்ந்த இத்தாலியர்கள் பணம் சேர்த்து 1888-ல் வைத்தது. பகைக்குக் கடல் தாண்டிய வேர் ஒன்று உண்டென்றால் அது இவர்தான். அந்தப் போரில் பாப்பரசர் ஆண்ட நிலப்பகுதிகள் பறிபோயின. 1860-ல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் (பயஸ்) ஆட்சியைக் காக்க அயர்லாந்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொண்டர் படையாகப் போய் இத்தாலிய மண்ணில் சண்டையிட்டார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று ரோமும் விழுந்தது. இத்தாலியனுக்கு அது விடுதலை நாள். ஐரிஷ்காரனுக்குத் திருத்தந்தையைச் சிறைப்படுத்திய நாள். ஒரே மதம் என்பதாலேயே இந்தச் சண்டை மூண்டது. வேறு மதமாக இருந்திருந்தால் ரோமைப் பற்றி இவர்களுக்குள் பேச்சே வந்திராது.

மல்பெரி தெருவின் 'லிட்டில் இத்தாலி' உணவகங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நம் விஷயத்துக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. செப்டம்பரில் சான் ஜென்னாரோ திருவிழாவின் 11 நாட்களும் தெரு அடைப்பு, நடக்கவே முடியாது. இந்தச் சுற்றை அப்போது வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள்: குரோட்டன் அணை

நகரத்தை விட்டு வடக்கே. கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ-நார்த் ஹட்சன் வழி ரயில், இறங்குமிடம் குரோட்டன்-ஹார்மன், சுமார் ஒரு மணி நேரம். வண்டிக்குள் டிக்கெட் வாங்கினால் கூடுதல் கட்டணம், செயலியிலோ இயந்திரத்திலோ முன்பே எடுத்துவிடுங்கள். காலை நெரிசல் நேரம் கழித்து ஏறினால் விலை குறைவு. ஆற்றோரம் போகும் ரயில், இடப்பக்கம் உட்காருங்கள். நிலையத்திலிருந்து அணை 3 முதல் 4 மைல். போகும்போது நிலைய வாசலில் வாடகைக் கார் பிடிக்கலாம். அணையடியில் திரும்ப வண்டி கிடைக்காது, போன் சிக்னலையும் நம்ப முடியாது. நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். திரும்பி வர நடைவழி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறோம். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

அணையின் அடியில் உள்ள பூங்காவில் நின்று அண்ணாந்து பார்த்தால் 297 அடிக்குக் கல். ஒரு பக்கம் படிப்படியாகச் செதுக்கிய வழிந்தோடி, அதில் வெள்ளையாக இறங்கும் தண்ணீர். 1892-ல் தொடங்கி 1906-ல் முடிந்த வேலை. கல் வெட்டியவர்கள், சுமந்தவர்கள், அடுக்கியவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள்.

இதற்கு முன் இருந்த பழைய அணை 1842-ல் முடிந்தது. அங்கிருந்து நியூயார்க் வரை 41 மைல் செங்கல் சுரங்கக் கால்வாய். குதிரை லாட வடிவம், உள்ளே எட்டரை அடி உயரம், ஏழரை அடி அகலம், மைலுக்கு 13 அங்குலம் சரிவு. பம்பு கிடையாது, தண்ணீர் தன் எடையிலேயே நகரம் போய்ச் சேர்ந்தது. அதைத் தோண்டியவர்களில் பெரும்பான்மையோர் ஐரிஷ்காரர்கள், நாள் கூலி ஒரு டாலரோ அதற்கும் கீழேயோ. அந்தப் பழைய அணை இப்போது எங்கே என்று தேடாதீர்கள். புதிய அணை தேக்கிய நீருக்கு அடியில் கிடக்கிறது.

1895-ல் குரோட்டன் நீர்த்தேக்க வேலைக்கு ஆள் கேட்டு வந்த விளம்பரத்தில் கூலி மூன்று வரியாகப் போட்டிருந்தது. வெள்ளைக் கூலியாள் 1.30 முதல் 1.50 டாலர், கறுப்பினக் கூலியாள் 1.25 முதல் 1.40, இத்தாலியக் கூலியாள் 1.15 முதல் 1.25. இத்தாலியன் வெள்ளையர் வரிசையில் இல்லை, தனி வரி. அவனுக்கு அதிகபட்சக் கூலி எதுவோ, அது ஐரிஷ்காரனின் குறைந்தபட்சத்தைவிட 5 சென்ட் குறைவு. இந்த 5 சென்ட்டுக்குள் பகை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கு மலிவான ஆள் கிடைத்தால் விலை கூடிய ஆளை நிறுத்துவார். நிறுத்தப்பட்டவன் ஒப்பந்தக்காரனைத் திட்டுவதில்லை, கண்ணெதிரே மண்வெட்டியோடு நிற்பவனைத்தான் திட்டுவான்.

இத்தாலியன் ஏன் குறைத்துக்கொண்டு வந்தான்? நடுவில் 'பத்ரோனே' இருந்தான். நம் தேயிலைத் தோட்ட வரலாறு தெரிந்தவர்களுக்குக் கங்காணி என்றால் போதும். கப்பல் செலவுக்கு முன்பணம், அதற்கு வட்டி, வேலை பிடித்துத் தர 'போசத்தூரா' என்ற தரகு, தங்கும் கொட்டகைக்கு வாடகை, அவன் கடையிலேயே வாங்க வேண்டிய ரொட்டி. ஒப்பந்தக்காரன் கூலியைப் பேசியது இவனோடுதான், தொழிலாளியோடு அல்ல. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தம் போட்டு ஆள் இறக்குவதை 1885 சட்டம் தடை செய்தது. பத்ரோனே கப்பல் துறையிலேயே ஆள் பிடிக்கத் தொடங்கினான். தவிர, பல இத்தாலியர்கள் சில வருடம் உழைத்துப் பணத்தோடு ஊர் திரும்பும் எண்ணத்தில் வந்தவர்கள். அவர்களுக்குச் சங்கம், சந்தா எல்லாம் வீண் செலவு. ஐரிஷ் சங்கத்துக்காரனுக்கு அது துரோகம்.

ஆனாலும் இத்தாலியர்கள் போராடவே மாட்டார்கள் என்ற பேச்சு பொய். 1900 ஏப்ரலில் இதே அணையில் 1.25-ஐ 1.50 ஆக்கக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஆளுநர் தியடோர் ரூஸ்வெல்ட் படையை அனுப்பினார், ஒரு சார்ஜென்ட் சுடப்பட்டு இறந்தார்.

திரும்பும் வழி: அணையிலிருந்து பழைய கால்வாயின் முதுகிலேயே நடைபாதை போகிறது. தெற்கே ஆசினிங் ஊர் வரை 5 மைல் சொச்சம், நிதானமாக இரண்டரை மணி நேரம். அந்த 13 அங்குலச் சரிவு என்பதால் ஏற்றமே தெரியாது. வழியில் புகைபோக்கி போல நிற்கும் கல் தூண்கள் கால்வாயின் காற்றுப் போக்கிகள். மழைக்கு மறுநாள் சேறு வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். ஆசினிங்கில் ஆற்றை நோக்கி இறங்கினால் ரயில் நிலையம்.

நான்காம் நாள்: துறைமுகம்

இன்று இரண்டு கரை. காலையில் மன்ஹாட்டனின் மேற்குக் கரை, செல்சி. மதியம் புரூக்ளினின் ரெட் ஹூக். முதலாவது ஐரிஷ் கோட்டை, இரண்டாவது இத்தாலியக் கோட்டை.

1887 வரை நியூயார்க்கில் கப்பல் சுமை இறக்குவது ஏறக்குறைய முழுக்க ஐரிஷ் வேலை. அந்த ஆண்டு பெரிய வேலைநிறுத்தம் தோற்றது. அதை உடைக்க இறக்கிய இத்தாலியர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். பாத்தியதை போன ஆத்திரம் இரண்டு தலைமுறைக்கு நீடித்தது.

செல்சியில் பத்தாவது அவென்யூவும் 21-ம் தெருவும் சந்திக்கும் இடத்தில் கார்டியன் ஏஞ்சல் கோயில் துறைமுகத் தொழிலாளர் கோயிலாக இருந்தது. அதற்கு எதிரே ஆற்றங்கரையில் நின்று இதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 7.55-க்கு விசில். ஆட்கள் குதிரை லாட வடிவில் நிற்பார்கள், நடுவே ஆள் எடுக்கும் மேஸ்திரி. 20 பேர் சொச்சம் கொண்ட ஒரு குழுவுக்கு நூறு பேர் நிற்கலாம். அவன் விரல் நீட்டினால் வேலை, இல்லையென்றால் மதியம் 12.55-க்கு மறுபடி வந்து நிற்க வேண்டும். காதில் பல்குச்சி செருகியிருந்தால் 'கூலியில் உனக்குப் பங்கு தருகிறேன்' என்று அர்த்தம். மேஸ்திரி ஐரிஷ்காரன் என்றால் யாரைப் பார்த்து விரல் நீளும் என்று சொல்லத் தேவையில்லை. 1953 டிசம்பரில்தான் அரசு ஆணையம் வந்து இந்தப் பழக்கத்தை ஒழித்தது.

ரெட் ஹூக்குக்கு சப்வே நேராகப் போகாது. வால் ஸ்ட்ரீட் 11-ம் துறையிலிருந்து ஃபெர்ரி சுகம். இல்லையென்றால் ஸ்மித்–நைன்த் ஸ்ட்ரீட்ஸ் நிலையத்தில் இறங்கி பி61 பஸ், அது ஆடி அசைந்துதான் வரும். இங்கே இத்தாலியர் வேலை செய்தார்கள், இத்தாலிய மேஸ்திரியே ஆள் எடுத்தான். அதனால் நியாயம் கிடைத்ததா? பீட் பான்டோ என்ற 28 வயது இத்தாலியத் தொழிலாளி, கூலியில் பங்கு பிடுங்குவதை எதிர்த்துக் கூட்டம் திரட்டினார். 1939 ஜூலையில் காணாமல் போனார், 1941-ல் நியூஜெர்சியில் சுண்ணாம்புக் குழியில் சடலமாகக் கிடைத்தார். அப்போது துறைமுகச் சங்கத்தின் தலைவர் ஐரிஷ்காரரான ஜோ ரயன். புரூக்ளின் கிளைகளை நடத்தியவர்கள் இத்தாலியர்கள். மேல்மட்டத்தில் இவர்கள் ஒத்துப்போனார்கள். கீழே இரண்டு கரைத் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தது மேலே இருந்தவர்களுக்கு வசதி.

துப்பாக்கிக் கதை தேடி வருபவர்களுக்கு ஒரு வரி: புரூக்ளின் ஐரிஷ் கும்பலின் ரிச்சர்ட் லோனர்கன் 1925 கிறிஸ்துமஸ் இரவில் ஓர் இத்தாலிய கிளப்பில் கொல்லப்பட்டார். அதைவிடப் பல்குச்சிதான் ஆயிரக்கணக்கானவர்களின் வயிற்றைத் தொட்டது.

ஐந்தாம் நாள்: கிழக்கு ஹார்லெம்

6-ம் எண் சப்வேயில் 116-ம் தெரு. கிழக்கே கால் மணி நேர நடை. 115-ம் தெருவில், முதல் அவென்யூவுக்கும் பிளெசன்ட் அவென்யூவுக்கும் இடையே உத்தரிய மாதா கோயில், அவர்கள் பேச்சில் மவுண்ட் கார்மல். 1884-ல் அடிக்கல். பகலில் கூலி வேலைக்குப் போன இத்தாலியர்கள் இரவில் வந்து அஸ்திவாரம் தோண்டினார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் வண்டி தந்தார்கள், பெண்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கட்டி முடித்ததும் மேல் கோயிலில் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும். கட்டியவர்களுக்கும் அவர்கள் மாதாவுக்கும் கீழ்த்தளம்.

ரோமில் இருந்தவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். இந்த மாதா சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முடிசூட்ட 1903-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) அனுமதி தந்தார். தெருமக்கள் கழற்றித் தந்த மோதிரம், கம்மல், சங்கிலிகளை உருக்கிக் கிரீடம் செய்தார்கள். 1904 ஜூலையில் முடிசூட்டு விழா. பாப்பரசரின் அனுமதியோடு முடிசூடிய மாதா, விழா முடிந்து கீழ்த்தளத்துக்கே திரும்பினார். மேல் கோயிலுக்கு ஏறியது 1919-ல், பதினைந்து வருடம் கழித்து.

உள்ளே போனால் உயர்பீடத்தின் மேல் சுரூபத்தைப் பாருங்கள், பிறகு வெளியே வந்து தெருமட்டத்துக்கும் மேல்வாசலுக்கும் இடையிலான படிகளைப் பாருங்கள். அவ்வளவு குறைந்த தூரத்துக்கு அவ்வளவு காலம்.

1889-ல் இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய கன்னியாஸ்திரி அன்னை கப்ரினியிடம், ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த பேராயர் கோரிகன் 'திரும்பிப் போய்விடுங்கள்' என்றே சொன்னார். பாப்பரசர் அனுப்பியிருக்கிறார், போக முடியாது என்று தங்கிவிட்டவர், 1946-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். நேரம் இருந்தால் ஏ சப்வேயில் 190-ம் தெரு இறங்கி அவர் திருத்தலத்தைப் பார்க்கலாம். கண்ணாடிப் பேழைக்குள் உடல், முகம் மெழுகால் ஆனது.

இந்தத் தெருக்கள்தான் இத்தாலிய வம்சாவளியான லா கார்டியாவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பின. 1933-ல் அவர் டம்மனியைத் தோற்கடித்து மேயரானார். அதன்பின் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்த ஓ'டுவையர், அவர் 1950-ல் விலகியதும் சிசிலியில் பிறந்த இம்பெல்லித்தேரி. நாற்காலி மாறி மாறிப் போனது. அதற்குள் போருக்குப் போய் வந்த தலைமுறை ஒரே பங்குப் பள்ளியில் படித்து, ஒரே கோயில் நடன நிகழ்ச்சிகளில் சந்தித்து, கல்யாணம் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டது. மதம் ஒன்று என்பதால் பெற்றோருக்கு மறுக்கக் காரணம் குறைவு.

1940-களில் கிழக்கு ஹார்லெமில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் குடியேறியபோது, கீழ்த்தளத்தில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகளே அவர்களை முகம் சுளித்துத் தள்ளி வைத்தார்கள். இன்று ஜூலை 16 திருவிழாவுக்குக் கூட்டமாக வருபவர்கள் ஹெயிட்டி மக்கள். அந்த நாளில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். தேர் தெருவில் இறங்கிய பிறகு கோயிலுக்குள் நுழைய முடியாது.